ஐயர் வாறா

சனிக்கிழமை பின்னேரம் பாண்காரரின் ஓட்டோ பாட்டுப் போட்டபடி ஒழுங்கைக்குள் திரும்பும்போது அம்மா கையில் காசோடு படலையடியில் நிற்பா. ஒரு றாத்தல் அச்சுப் பாண். மாதத்தின் முதலாம் ஞாயிறு எங்கள் கிறிஸ்தவக் கோயிலில் அப்பமும் ரசமும் கொடுக்கிற திருவிருந்து என்பதால், அந்த ஒரு சனிக்கிழமை மட்டும் பாணை வீட்டில் ஒருவரும் தொடக் கூடாது. வாங்கின அன்றே வெட்டினால் நொருங்கும், ஒரு இரவு கிடந்தால்தான் கத்தி நேராக இறங்கும் என்பது அம்மாவின் கணக்கு. விடிய நாலரைக்கு எழும்பிக் குளித்து, குசினி மேசையில் வெள்ளைத் துணி விரித்து, நாலு பக்கமும் கரையைச் சீவி எடுத்துவிட்டு மிச்சத்தை முதலில் நீட்டுக்கும் பிறகு குறுக்காகவும் வெட்டுவா. ஒவ்வொரு துண்டும் புளியங்கொட்டை அளவு. 120 துண்டு, தற்செயலாக வருகிற ஆட்களுக்கென்று இன்னுமொரு 10. கரைத்துண்டுகள் எங்களுக்கு, சம்பலோடு.

எனக்கு விவரம் தெரிந்த நாளில் இருந்து இது நடக்கிறது. யாழ்ப்பாணத்துக்குப் பொருளாதாரத் தடை இருந்த போர்க் காலத்தில் பாண் கிடைக்காத ஞாயிறுகளில் கிடைத்த மாவில் ரொட்டி தட்டி வெட்டினா. பீடத் துணியைத் தோய்த்து, கஞ்சி போட்டு, ஸ்திரிக்கை பிடிப்பதும் அவதான். துணி விரித்து, தட்டை வைத்து, மூடிவிட்டு இறங்கி வந்து பொம்பிளையள் பக்கத்து மூன்றாவது வாங்கில் முந்தானையால் தலையை மூடிக்கொண்டு இருப்பா. அதற்குப் பிறகு அந்தப் பாணை எடுத்து ஆசீர்வதித்துப் பிட்டுக் கொடுப்பது ஆம்பிளையின் கை. இதில் கேட்பதற்கு ஏதாவது இருக்கிறது என்று எனக்குத் தோன்றியதே இல்லை. மழைக்குக் குடை பிடிப்பது மாதிரி அது ஒரு நடப்பு.

1991இல் நான் நோர்வேக்குப் பொம்பிளையாகப் போனேன். வேறு ஊர்த் தமிழர் இந்த வசனத்தைக் கேட்டால் சிரிப்பார்கள். கலியாணம் பேசி, மாப்பிள்ளை அங்கே நிற்க, கூறைச் சீலையைப் பெட்டியில் வைத்துக்கொண்டு தனியாக விமானம் ஏறுகிறவளை நாங்கள் அப்படித்தான் சொல்வோம். இவர் வேலை செய்தது ஃபின்மார்க் என்கிற வட அந்தத்தில், ஒரு மீன் தொழிற்சாலையில். கார்த்திகைக் கடைசியில் போகிற சூரியன் தை நடுப்பகுதியில்தான் திரும்ப முகம் காட்டும். நானும் வெள்ளை மேலங்கியும் றப்பர் சப்பாத்தும் போட்டு, கொட் மீனுக்கு முள்ளெடுக்கிற வரிசையில் நின்றேன்.

போய்ச் சேர்ந்த இரண்டாம் ஞாயிறு கோயிலுக்குக் கூட்டிக்கொண்டு போனார். பாமாலை முடிந்ததும் வெள்ளை அங்கி போட்ட ஒரு பொம்பிளை பீடத்துக்கு முன்னால் வந்து நின்று கையை விரித்தா. நான் இவரின் காதுக்குள் கேட்டேன்: "ஐயரம்மாவோ?"

"இல்லை. இவதான் ஐயர்."

எங்கள் பக்கத்தில் புரொட்டஸ்தாந்துப் போதகரை 'ஐயர்' என்போம், அவருடைய மனைவியை 'ஐயரம்மா' என்போம். (சைவக் கோயில் பூசகரும் ஐயர்தான். ஊரில் 'ஐயர் வந்தவரோ?' என்று கேட்டால் எந்த ஐயர் என்று இன்னொரு கேள்வி வரும்.) அந்த இரண்டு சொல்லுக்கும் நடுவில் மூன்றாவது ஆளுக்கு இடமில்லை. அன்று நான் அப்பத்துக்குப் போனேன், மனசு ஒப்பிப் போகவில்லை. எல்லாரும் எழும்பிப் போகும்போது இருக்க வெட்கமாக இருந்தது, அதனால் போனேன்.

ஆராதனை முடிந்தபின் கோப்பி குடிக்கிற நேரத்தில் பக்கத்தில் இருந்த ஒரு கிழவி எனக்குப் பல கதை சொன்னா. எனக்கு மொழி ஓடாத காலம். ஒரே கதையை மூன்று மாதத்தில் மூன்று தரம் கேட்டுத்தான் விளங்கிக்கொண்டேன். நோர்வேயில் முதல் பெண் குரு இங்ரிட் பியெர்கோஸ். 1961இல் குருப்பட்டம் பெற்றபோது வயது அறுபதை நெருங்கிவிட்டது. அப்போதிருந்த 9 பேராயர்களில் 6 பேர் இது வேதத்துக்கு ஒவ்வாது என்று பகிரங்கமாக அறிக்கை விட்டார்கள். தெற்கில் இடம் கிடைக்காத அவ வடக்கில் சென்யா தீவுப் பக்கம் ஒரு மீனவச் சபைக்குப் போய் ஊழியம் செய்தா. 'அங்கே எல்லாம் சுகமாக நடந்திருக்கும், வெள்ளைக்காரர்தானே' என்று நினைத்திருந்த எனக்கு இது புதினம். முதலாவது பெண் பேராயர் ரோஸ்மரி கோன் 1993இல், நான் அங்கே இருக்கும்போதுதான் வந்தா. அப்போதும் தொழிற்சாலைச் சாப்பாட்டு மேசையில் முணுமுணுப்பு இருந்தது. அவர்களிடமும் 'ஐயரம்மா'வுக்கு நேரான ஒரு சொல் இருக்கிறது: பிரெஸ்தெஃப்ரூ. பெண்ணே குருவாக வந்தபோது அவளுடைய புருஷனை என்ன சொல்வது என்று அவர்களுக்கும் திண்டாட்டம்தான்.

அந்தக் கிழவியின் இன்னொரு கதைக்கு மொழி தேவைப்படவில்லை. 1944 இலையுதிர் காலத்தில் ஜெர்மன்காரர் பின்வாங்கும்போது ஃபின்மார்க்கை வீடு வீடாகக் கொளுத்திக்கொண்டு போனார்கள். சனத்தை வள்ளங்களில் ஏற்றித் தெற்கே அனுப்பினார்கள். கோயில்களும் எரிந்தன. நாங்கள் இருந்து கும்பிட்ட கோயில் அதற்குப் பிறகு கட்டினது. 1995 ஒக்டோபர் 30, யாழ்ப்பாணத்து வலிகாமம் முழுதும் போருக்குப் பயந்து ஓர் இரவில் நடந்து செம்மணி தாண்டித் தென்மராட்சிக்குப் போன செய்தி அங்கே தொலைக்காட்சியில் அரை நிமிஷம் வந்தது. அடுத்த ஞாயிறு கிழவி என்னிடம் வந்து ஒன்றே ஒன்றுதான் கேட்டா: "மாடு என்ன ஆச்சு?" அவவின் வீட்டில் 1944இல் மாட்டைச் சுட்டுவிட்டுத்தான் வெளிக்கிட்டார்களாம். எங்கள் வீட்டில் அப்பா கட்டை அவிழ்த்து விட்டிருந்தார். அது எனக்குப் பிறகுதான் தெரியும்.

ஞாயிறு காலை இப்படி. ஞாயிறு பின்னேரம் வேறு. அந்தப் பட்டினத்தில் பதினைந்து தமிழ்க் குடும்பம், அதில் வேதக்காரர், அதாவது கிறிஸ்தவர், ஐந்து. எங்கள் வீட்டு வரவேற்பறையில் தமிழ் ஜெபக்கூட்டம். ஆம்பிளையள் சோபாவில், பொம்பிளையள் குசினி வாசலோடு போட்ட பாயில். வாசிப்பது இவர், ஜெபம் ஏறெடுப்பது மூத்த அண்ணர். நாங்கள் கீர்த்தனை பாடுவோம், பாடும்போதே ஒருத்தி எழும்பி றோல்ஸைத் திருப்பிப் போட்டுவிட்டு வருவாள். காலையில் ஒரு பெண்ணின் கையால் அப்பம் வாங்கின அதே ஆட்கள்! ஒரு நாள் இவருக்குத் தொண்டை அடைத்துவிட்டது. நான் வாசிக்கட்டோ என்று கேட்டேன். மூத்த அண்ணர் கோபப்படவில்லை, சிரித்துக்கொண்டே சொன்னார்: "பிள்ளை, அது அவையின்ரை கலாசாரம். எங்கடை கலாசாரத்தை நாங்கள் விடக் கூடாது." இவர் அடைத்த தொண்டையோடு வாசித்தார். சங்கீதம் 121, அரைவாசி இருமல்.

எங்கடை கலாசாரம். இந்தச் சொல்லை நான் அதற்குப் பிறகு நிறையத் தரம் யோசித்திருக்கிறேன். எங்கள் கோயில் வாங்கும் அலுமாரியும் போர்த்துக்கேயச் சொல். கர்த்தருடைய அப்பமாகிற பாணும் அவர்கள் தந்த சொல்தான். கட்டடம் ஒல்லாந்தர் காலத்து முருகைக்கல். 1816இல் வந்த அமெரிக்க மிஷன் பிள்ளைகளைப் படிப்பிக்க அமெரிக்காவில் காசு கொடுத்தவர்களின் பெயரையே பிள்ளைகளுக்கு வைத்தது. அதனால் கிடுகு வேலிக்குள் பிறந்ததுகள் எல்லாம் பொஸ்டன் வியாபாரிகளின் பெயரோடு திரிந்தன. பேர்சிவல் பாதிரியார் வேதாகமத்தை யாழ்ப்பாணத்தில் திருத்தி மொழிபெயர்த்தபோது பக்கத்தில் இருந்து தமிழைச் செப்பம் செய்தவர் ஆறுமுக நாவலர். இது எதையும் 'எங்களுடையதல்ல' என்று ஒருவரும் தள்ளவில்லை. தள்ளவும் தேவையில்லை. ஆனால் ஒரு பொம்பிளை எழும்பி வாசிக்கப் போனால் மட்டும் கலாசாரம் ஓடி வந்து கையைப் பிடிக்கும்.

சீதனத்தை எடுங்கள். சீதனம் புறச்சமயத்தார் வழக்கம் என்று பிரசங்கத்தில் கேட்டிருக்கிறேன். 1824இல் ஹரியற் வின்ஸ்லோ அம்மையார் உடுவிலில் பெண்பிள்ளைகளுக்கு விடுதிப் பாடசாலை தொடங்கினா. பிள்ளைகளை அனுப்பத் தாய்தகப்பன் தயங்கினார்கள். படித்து முடித்துக் கிறிஸ்தவப் பெடியனைக் கட்டுகிற பிள்ளைக்குத் தொடக்க காலத்தில் மிஷனே சிறு சீதனம் கொடுத்தது. குறை சொல்லவில்லை. அந்தச் சீதனம் இல்லாவிட்டால் என் பூட்டியின் தாய் எழுத்துக் கற்றிருக்க மாட்டா. 1840இல் வந்த எலைசா அக்னியூ 1879 வரை அந்தப் பாடசாலையை நடத்தினா. ஒரு தரமும் ஊர் திரும்பாமல் 1883இல் இங்கேயே கண்ணை மூடினா. ஆயிரம் பிள்ளைகளின் தாய் என்று பெயர். கலியாணம் கட்டாத, புருஷன் பேர் இல்லாத ஒரு பெண் ஊர் ஊராக வீட்டுக்குள் போய் வேதம் சொன்னதை அன்றைய யாழ்ப்பாணம் பொறுத்துக்கொண்டது. அவ திருவிருந்து கொடுக்கவில்லை என்பதும் உண்மை.

2014இல் நான் திரும்பி வந்தேன், அம்மாவைப் பார்க்க ஆள் இல்லாததால். பிள்ளைகள் வளர்ந்துவிட்டார்கள். இவர் ஓய்வூதியம் வரும்வரை அங்கே. வந்த முதல் வருஷம் என் சீதனக் காணியில் ஒரு துண்டை விற்க நொத்தாரிசிடம் போனேன். உறுதியைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "எல்லாம் சரி. உங்கடை அவரின்ரை எழுத்துமூல சம்மதம் எங்கை?" என் அப்பா எனக்குத் தந்த காணி. ஆனால் 1707இல் ஒல்லாந்தர் எழுத்தில் கொண்டுவந்த தேசவழமையும் அதன்பிறகு 1911இல் வந்த சட்டமும் சேர்ந்து, யாழ்ப்பாணத்துப் பெண் கலியாணம் கட்டினால் புருஷனின் எழுத்து இல்லாமல் தன் காணியை விற்க முடியாது என்று வைத்திருக்கின்றன. சைவமோ வேதமோ, எல்லாருக்கும் ஒன்றுதான். இவர் ஒஸ்லோவில் தூதரகத்துக்குப் போய்க் கையெழுத்து வைத்து அனுப்ப ஏழு கிழமை எடுத்தது. போனில் பாவம், வெட்கப்பட்டார்.

அம்மாவைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். இடப்பெயர்ந்து ஆறாம் நாள், சாவகச்சேரியில் ஒரு பள்ளிக்கூட விறாந்தையில் அப்பா போய்விட்டார். அதற்குப் பிறகு அம்மா பாண் வெட்டினா, பீடத் துணி தோய்த்தா. ஆனால் கோயில் கலியாணங்களில் பொம்பிளையை உடுப்பாட்டுவதை விட்டுவிட்டா. அதுவரை எங்கள் சபையில் தாலி கட்டின பிள்ளைகளில் அரைவாசிக்கு மேல் அம்மா சீலை உடுத்தினதுகள். வேண்டாம் என்று ஒருவரும் சொல்லவில்லை. வாங்கோ என்றும் சொல்லவில்லை. புறா போட்ட தாலி கட்டுகிறோம், சாத்திரம் பார்ப்பதில்லை என்கிறோம். கைம்பெண்ணின் கை பட்டால் துடக்கு என்று எங்கள் வேதத்தில் இல்லை. ஆனாலும் அந்த ஒழுங்கையில் இருந்த ஒவ்வொரு வேலிக்கும் அது தெரிந்திருந்தது.

நான் வந்து சில வருஷத்தில் எங்கள் சபைக்கு ஒரு பெண் போதகர் மாற்றலாகி வந்தா. வயது முப்பத்தைந்து இருக்கும். ஸ்கூட்டியில் வருவா, சீலைக்கு மேல் அங்கி. தென்னிந்தியத் திருச்சபை 1947இல் தொடங்கியபோது கடலுக்கு இந்தப் பக்கம் இருந்து அதில் சேர்ந்தது யாழ்ப்பாண ஆதீனம். அந்தத் திருச்சபை 1976இல் பெண்களுக்குக் குருப்பட்டம் கொடுக்கத் தொடங்கிவிட்டது. 2013இல் ஆந்திராவில் புஷ்ப லலிதா பேராயராகவே வந்துவிட்டா. ஆகவே சட்டப்படி கேள்வி ஒன்றும் இல்லை. கேள்வி முழுக்க வாயில்தான் வந்தது: கூப்பிடுவது எப்படி?

'ஐயரம்மா' என்றால் ஐயரின் மனைவி. 'அம்மா' என்றாலும் அதே. 'பாஸ்ரர்' பெந்தெகொஸ்துக்காரர் சொல் என்று மூப்பர்மாருக்குப் பிடிக்காது. இளம் பிள்ளைகள் 'அக்கா' என்றார்கள், அது மரியாதைக் குறைவு என்று மாதர் சங்கம் கண்டித்தது. வங்கியில் வேலை செய்கிற அவவின் புருஷனைப் பார்த்ததும் சனம் இன்னும் குழம்பியது. ஒருவர் பழக்கதோஷத்தில் அவரைப் பார்த்து "ஐயர், இருங்கோ" என்று கதிரையை இழுத்துப் போட்டார். கொமிற்றிக் குறிப்புப் புத்தகத்தில் மட்டும் ஒரு சிக்கலும் இல்லை. 'போதகர் அவர்கள் ஜெபத்துடன் கூட்டத்தை ஆரம்பித்தார்கள்.' எழுத்துத் தமிழின் 'ஆர்கள்' பாவாடையும் பார்க்காது வேட்டியும் பார்க்காது. பேச்சில் தப்ப முடியாது. ஆணுக்கு மரியாதை 'வாறார்', பெண்ணுக்கு மரியாதை 'வாறா'. எங்கள் வாய்க்கு நடுவழி தெரியாது.

ஒரு ஞாயிறு காலை ஸ்கூட்டிச் சத்தம் கேட்டு, பாண் தட்டோடு கோயில் வாசலில் நின்ற அம்மா உள்ளே திரும்பிச் சொன்னா: "மணியை அடியுங்கோ, ஐயர் வாறா."

சொல்லிவிட்டு அம்மா துணியைச் சரிசெய்யப் போய்விட்டா. நான்தான் நின்றுவிட்டேன். இருபத்துமூன்று வருஷம் அந்நிய தேசத்தில் இருந்து நான் கண்டுபிடிக்காத வசனம். கடைசியில் ஒரு 'ர்' குறைந்தது, அவ்வளவுதான். ஒரு மாதத்தில் ஊர் முழுக்க அது ஓடத் தொடங்கியது. மீன்காரர் கூட "உங்கடை ஐயர் நேற்றுப் பாரை வாங்கினவா" என்றார்.

எல்லாம் இப்படிச் சுகமாகப் போனது என்று எழுத எனக்கு ஆசை. அம்மாவின் தமையன், என் பெரிய மாமா, ஐயரின் கையால் திருவிருந்து எடுக்கவே இல்லை. மற்றவர்கள் வரிசையில் போகும்போது வாங்கில் இருந்தபடி பாமாலைப் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருப்பார். சண்டை பிடித்தவர் இல்லை. சபைக்குக் கணக்காகக் காணிக்கை கொடுப்பார், சந்தித்தால் சுகம் கேட்பார். அவர் விழுந்து இடுப்பு முறிந்து பெரியாஸ்பத்திரியில் கிடந்த பத்தொன்பது நாளும் அவ போனா. ஒரு நாள் அப்பமும் ரசமும் கொண்டுபோனா. மாமா கட்டிலில் இருந்தபடி கையைக் கூப்பினார்: "அது வேண்டாம் பிள்ளை. ஜெபம் மட்டும் பண்ணு." அவ பண்ணினா. வெளியே வந்து என்னோடு ஒன்றும் கதைக்காமல் ஸ்கூட்டி வைத்த இடம் வரை நடந்தா. தட்டை மூடின துணியில் சின்ன ஊதாப் பூ, அம்மா தைத்தது.

மாமா இருபதாம் நாள் விடியப் போய்விட்டார்.

எங்கள் பக்கம் செத்தவீட்டில் பொம்பிளையள் படலை வரைக்கும்தான். வேறு ஊர்களில் வேதக்காரப் பெண்கள் சேமக்காலைக்குப் போகிறார்கள், எனக்குத் தெரியும். எங்கள் ஒழுங்கையில் பெட்டி தெருவில் ஏறியதும் ஒப்பாரி உச்சத்துக்குப் போகும், பிறகு பெண்கள் திரும்பி வீட்டைக் கழுவத் தொடங்குவார்கள். அன்று ஐயர் அங்கியோடு வேதாகமத்தைப் பிடித்துக்கொண்டு பெட்டிக்கு முன்னால் நடந்தா. பின்னால் ஆம்பிளையள். படலையில் நாங்கள் முப்பது முப்பத்தைந்து பேர். தெருவில் ஒரு பொம்பிளை தனியப் போகிறா, சுற்றிவர வேட்டிகள். அம்மா என் தோளில் இருந்து கையை எடுத்தா. செருப்பைத் தேடிப் போட்டா.

"எங்கையம்மா?"

"அவ போறாதானே."

அம்மாவுக்கு எண்பது வயது. மெல்ல நடந்தா. மாமி பின்னால் வந்தா, பிறகு மாமியின் மருமகள்மார், பிறகு எல்லாரும். சேமக்காலை வாசலில் ஆம்பிளையள் திரும்பிப் பார்த்தார்கள். ஒரு மூப்பர் வாயைத் திறந்தார், பிறகு ஏனோ விலகி வழிவிட்டார். மண் போடும்போது அம்மா குனிந்து ஒரு பிடி அள்ளிப் போட்டா. செம்மண், முதல் நாள் மழையில் ஈரமாக இருந்தது. விரல் இடுக்கில் ஒட்டினதை அம்மா தட்டவில்லை.

அன்றிரவு கிணற்றடியில் தலை முழுகிவிட்டு வந்து துவாயைச் சுற்றியபடி விறாந்தையில் இருந்தா. நான் தேத்தண்ணி கொண்டுபோய்க் கொடுத்தேன். கேட்காமலே சொன்னா: "உன்ரை அப்பாவைத் தாட்ட இடத்துக்கு நான் போகேல்லை. அண்டைக்கு ஒருத்தரும் மறிக்கேல்லை. மறிக்கப் படலையும் இருக்கேல்லை. பள்ளிக்கூட வாசல்லை நாங்களாத்தான் நிண்டனாங்கள்."

அந்த ஐயருக்கு இரண்டு வருஷத்தில் மாற்றல் வந்தது. இப்போது இருக்கிறவர் நல்ல மனிசன், நல்ல பிரசங்கி. அவருடைய மனைவி ஒரு பாடசாலையில் கணிதம் படிப்பிக்கிறா. மாதர் சங்கத்துக்கு ஏன் ஒழுங்காக வருகிறா இல்லை என்று ஐயரம்மாவைப் பற்றி இப்போதே கதை தொடங்கிவிட்டது. கலியாணங்களுக்குப் பொம்பிளை உடுப்பாட்ட யாரும் அம்மாவை இன்னும் கூப்பிடவில்லை. கூப்பிட்டாலும் கை நடுங்கும் வயது.

போன சனிக்கிழமையும் பாண் வாங்கினோம். கத்தி இப்போது என் கையில். அம்மா கதிரையில் இருந்து துண்டு பெரிசு, துண்டு சின்னன் என்று சொல்லிக்கொண்டிருந்தா. கரையைக் கடித்தபடி திடீரென்று கேட்டா:

"ஐயர் இப்ப எந்த ஊரிலை இருக்கிறா?"

புது ஐயர் அடுத்த ஒழுங்கையில்தான் இருக்கிறார். நான் கிளிநொச்சிப் பக்கம் என்று சொன்னேன்.